மஞ்சள் வைத்த பீரங்கி

1996 ஒக்ரோபர் 20. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி.

நவரட்ணம் கன்வஸ் உறையை இழுத்து எடுத்தார். பீரங்கி இருந்தது. அதன் பின்பக்கத்தில் இருக்கவேண்டிய பித்தளைத் தகடு இல்லை. தகடு இருந்த இடத்தில் நாலு ஸ்குரூத் துளைகள் மட்டும் தெரிந்தன.

அங்கே நின்றவர்கள் மூன்று பேர். நவரட்ணம் அந்த மண்டபத்தின் பராமரிப்பாளர். ஹரல்ட் பென்ட்லி, மண்டபத்தைச் சொந்தமாக வைத்திருக்கும் முன்னாள் கடற்படையினர் சங்கத்தின் தலைவர். எழுபத்தைந்து தாண்டியவர், ஊன்றுகோல் இல்லாமல் நடக்கமாட்டார். மூன்றாவது ஆள் ஏர்னி கௌல்ட். எண்பது வயது, ஒல்லி உடம்பு, முழங்காலில் இன்னும் தெம்பு இருந்தது. ஏர்னி தொப்பியைக் கழற்றி இரண்டு கைகளாலும் நெஞ்சோடு பிடித்தபடி துளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹரல்டின் கையிலிருந்து சாவிக்கொத்து நழுவி விழுந்தது. அவர் குனிய முயன்றார், இடுப்பு விடவில்லை. நவரட்ணம் எடுத்துக் கொடுத்தார்.

"போலீசைக் கூப்பிடு" என்றார் ஹரல்ட். பிறகு தகடு இருந்த இடத்துக்குக் கீழே கோலால் சுட்டிக்காட்டினார். "இது என்ன, இரத்தமா?"

சாம்பல் நிறப் பெயின்றின் மேல், கட்டைவிரல் அகலத்தில், கருஞ்சிவப்பாக ஒரு பொட்டு இருந்தது. நவரட்ணம் குனிந்து அதை உற்றுப் பார்த்தார். அந்தப் பொட்டை வைத்தவர் அவர்தான். ஆனால் அவர் வைத்தது சிவப்புப் பொட்டு இல்லை.

கொஞ்சம் பின்னால் போவோம். கனடாவில், ரொறன்ரோவுக்கு அடுத்த ஸ்காபரோவின் தெற்கு ஓரத்தில், ஏரிக்குச் சில தெருக்கள் தள்ளி இருக்கிறது அந்த மண்டபம். சங்கத்தின் கிழவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைய, மண்டபம் தமிழர்களின் கலியாணத்தாலும் பெண்பிள்ளைகளின் சாமத்திய வீட்டாலும் அரங்கேற்றத்தாலும் உயிர் பிழைத்து வந்தது. திங்கட்கிழமைகளில் கறி வாசம் போகவில்லை என்று கிழவர்கள் குறைசொல்வார்கள். குறைசொல்லிக்கொண்டே மிஞ்சிய வடையையும் முடித்துவிடுவார்கள். முதல்நாள் சனிக்கிழமை அங்கே வாணி விழா. பஞ்சாங்கப்படி விஜயதசமி திங்கட்கிழமைதான். ஆனால் ரொறன்ரோவில் கலைமகளுக்கும் மண்டபம் கிடைக்கிற நாளில்தான் வரமுடிகிறது. அன்று முந்நூறு பேர் வந்து, பாடி, ஆடி, சாப்பிட்டுப் போனார்கள்.

பீரங்கி நின்றது மண்டபத்தின் பக்கத்து அறையில். நாலு அங்குல வாய், இரண்டு ஆள் நீளக் குழாய், பிரித்தானியக் கடற்படைக்கு வார்த்தது. தகட்டில் இப்படி இருந்தது: "இந்தப் பீரங்கி 1916ஆம் ஆண்டு வட கடல் போரில் எச்.எம்.எஸ். கார்ன்மோர் கப்பலில் இருந்து சுட்டது." ஏர்னியின் தகப்பன் அந்தக் கப்பலில், அந்தப் போரில், பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று செத்தவர். ஏர்னி அப்போது தாயின் வயிற்றில். வருகிற நவம்பர் பதினோராம் திகதி நினைவு நாளுக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு பீரங்கி நிபுணர் இதைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. கிழவர்கள் ஒரு மாதமாக அதே பேச்சாக இருந்தார்கள்.

பிற்பகல் பன்னிரண்டேகால்.

பாலேஸ்வரி பஸ்ஸிலிருந்து இறங்கி, குளிருக்குச் சேலை மேல் ஒரு தடித்த கோட்டோடு மண்டபத்துக்குள் வந்தார். ஸ்காபரோவின் கிழக்கு ஓரத்தில், ரூஜ் பக்கம் வீடு. யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பித்தவர். இங்கே நீதிமன்றத்துக்கும் போலீசுக்கும் மொழிபெயர்ப்பாளர். விரத நாளில் அடுப்பிலிருந்த பருப்பை இறக்கிவிட்டு வந்த கோபம் முகத்தில் கொஞ்சம் இருந்தது. எதையும் மோப்பம் பிடிக்கும் மூக்கும், வாயை அடக்கத் தெரியாத குணமும் உள்ளவர். மொழிபெயர்ப்பாளருக்கு முதலாவது உதவும், இரண்டாவது உதவாது.

கொன்ஸ்டபிள் மக்கே சமையலறை மேசையில் காத்திருந்தார். சிவந்த முகம், பொறுமையான மனிதர். "அவர் சொல்வதை மட்டும் சொன்னால் போதும்" என்று முதலிலேயே சொல்லிவைத்தார். முன்பு இருமுறை அவரோடு வேலை செய்து பட்ட அனுபவம்.

நவரட்ணம் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"அறைச் சாவி யாரிடம் இருக்கிறது?" மக்கே கேட்டார்.

"என்னட்டை ஒண்டு. தலைவரிட்டை ஒண்டு. ஏர்னி ஐயாவிட்டை ஒண்டு."

"இரண்டு கிழமைக்கு முன் பழம்பொருள் வியாபாரி ஒருவர் ஒஷாவாவிலிருந்து வந்தாராம். தகட்டை விலைக்குக் கேட்டாராம். அவருக்கு அறையைத் திறந்து காட்டியது யார்?"

"நான்தான். பார்க்கக் கேட்டார், காட்டினனான். விக்கேலாது எண்டும் சொன்னனான்."

"பீரங்கியில் அடையாளம் வைத்தது நீங்களா?"

"ஓம். நேற்று அஞ்சு மணிக்கு. ஆயுத பூசைக்கு எங்கட ஆக்கள் தொழில் செய்யிற சாமானுக்கெல்லாம் பொட்டு வைப்பம். நிலம் மினுக்கிற மெசினுக்கு வைச்சனான், பொயிலருக்கு வைச்சனான், பனி தள்ளுற மெசினுக்கும் வைச்சனான். பீரங்கியும் ஆயுதம்தானே. அதுக்கும் வைச்சனான்."

"என்ன நிறம்?"

"மஞ்சள். வெறும் மஞ்சள் மட்டும்."

பாலேஸ்வரி வார்த்தைக்கு வார்த்தை ஆங்கிலத்தில் சொன்னார். மக்கே பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "அது சிவப்பு. நான் பார்த்தேன், தலைவர் பார்த்தார். எங்கள் கண்முன்னால் இருப்பதையே மாற்றிச் சொல்கிறார். மற்றதை எப்படி நம்புவது?"

"சத்தியமா மஞ்சள் ரீச்சர்" என்றார் நவரட்ணம், போலீஸ்காரரை விட்டுவிட்டு நேரே அவரிடம். "குங்குமமும் பக்கத்திலதான் இருந்தது. பீரங்கியில சிவப்பை வைச்சால் வெள்ளைக்காரக் கிழவர்மார் இரத்தம் எண்டு பயப்படுவினம் எண்டுதான் வேணுமெண்டு மஞ்சளை மட்டும் வைச்சனான். இப்ப பாருங்கோ."

"வீட்டில ஆர் இருக்கினம், அண்ணை?" பாலேஸ்வரி மெதுவாகக் கேட்டார்.

"இஞ்சை ஒருத்தருமில்லை. மனிசி தவமணியும் ரெண்டு பிள்ளையளும் கொழும்பில லொட்ஜில. ஸ்பொன்சர் எல்லாம் முடிஞ்சு வாற மாசம் இன்ரவியூ. என்ரை பேரில பொலிஸ் கேஸ் எண்டு ஒண்டு எழும்பினால் எல்லாம் நிண்டுபோகும். நாலு வருசமாப் பிள்ளையளைக் காணேல்லை ரீச்சர்."

பாலேஸ்வரி இதை மொழிபெயர்க்கவில்லை. எழுந்து நின்றார்.

"கொன்ஸ்டபிள், அந்தப் பொட்டை நான் பார்க்கவேண்டும்."

"நீங்கள் மொழிபெயர்க்க வந்தவர்."

"அவர் ஒரு நிறத்தின் பேரைச் சொல்லியிருக்கிறார். அதைச் சரியாக மொழிபெயர்த்தேனா என்று எனக்குத் தெரியவேண்டாமா?"

மக்கே பெருமூச்சு விட்டார். பிறகு கதவைத் திறந்துவிட்டார்.

பன்னிரண்டே முக்கால்.

பக்கத்து அறைக்குப் போகும் நடையில் ஹரல்ட் வந்து சேர்ந்துகொண்டார். அவருக்குச் சும்மா நடக்கத் தெரியாது, எதையாவது குறைசொல்லிக்கொண்டேதான் நடப்பார். ஊன்றுகோலால் சுவரைக் காட்டினார். வெள்ளைச் சுவரில் மேலிருந்து கீழாக அழுக்குக் கோடுகள் நீளமாக ஓடியிருந்தன.

"நவரட்ணம் நல்ல ஆள். ஆனால் சுவர் கழுவத் தெரியாது. எல்லாரையும் போல மேலிருந்து தொடங்குகிறார். அழுக்குத் தண்ணீர் காய்ந்த சுவரில் ஓடினால் கோடு விழும், பிறகு அது போகவே போகாது. கடற்படையில் முதல் நாளே சொல்லித்தருவார்கள், கீழிருந்து மேலே கழுவு என்று. சுடுதண்ணீரில் ஒரு பிடி சலவைச் சோடா. நாங்கள் அதைச் சூஜி என்போம். அந்தச் சமையலறை வாளியில் எப்போதும் இருக்கும்."

"நீங்களே கழுவிக் காட்டலாமே" என்றார் பாலேஸ்வரி.

"இந்த இடுப்போடா? கீழே உட்கார்ந்தால் என்னைத் தூக்கக் கிரேன் வேண்டும். வசந்தத்தில் பீரங்கிக்குப் பெயின்ற் அடிக்கிற வேலையைக்கூட இந்த வருஷம்தான் முதல்தடவை ஏர்னியிடம் விட்டேன். அதுவரை பின்பக்கத்தை வேறு யாரையும் தொடவிட்டதில்லை."

பீரங்கி அறையில் ஒரே ஒரு மங்கல் பல்பு. பாலேஸ்வரி சன்னல் திரையை விலக்கினார். வெளிச்சம் வந்ததும் முதலில் பொட்டைப் பார்க்கவில்லை, அதைச் சுற்றியுள்ள இடத்தைப் பார்த்தார். குழாயின் முன்பக்கம் எல்லாம் மெல்லிய தூசி. பின்பக்கம் மட்டும், தரையோடு இருக்கிற தாங்கியிலிருந்து தகடு இருந்த இடத்துக்கு ஒரு சாண் மேல்வரை, குளித்துவிட்டு வந்த மாதிரி சுத்தம். எந்தக் கோடும் இல்லை. அந்தச் சுத்தத்தின் நடுவில் பொட்டு மட்டும் அழியாமல் இருந்தது.

கொண்டையிலிருந்து ஊசியை உருவினார்.

"தொடவேண்டாம்" என்றார் மக்கே.

அதற்குள் ஊசிமுனை பொட்டின் நடுவைக் கீறிவிட்டது. பாலேஸ்வரி விலகி நின்று வழிவிட்டார். மக்கே குனிந்து பார்த்தார். சிவப்புத் தோலுக்கு அடியில், தடித்த நடுப்பகுதியில், நல்ல மஞ்சள்.

"பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்துக்கு எதுவும் வராத காலத்தில் என் ஆய்வுகூடத்தில் லிட்மஸ் தாள் தீர்ந்துபோனது" என்றார் பாலேஸ்வரி. "பிள்ளைகளுக்குப் பரீட்சை நிற்காதே. வீட்டிலிருந்து மஞ்சள் தூள் கொண்டுபோய் தாளில் பூசிக் காயவைத்தோம். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். சவர்க்காரம், சுண்ணாம்பு, சலவைச் சோடா, எது பட்டாலும். அமிலம் பட்டால் திரும்பவும் மஞ்சளாகும். சேலையில் கறி சிந்தி, சவர்க்காரம் போட்டுப் பயந்துபோன எந்தத் தமிழ்ப் பெண்ணுக்கும் இது தெரியும். சமையலறையில் வினாகிரி இருக்கிறதா?"

வெள்ளிக்கிழமை மீனும் சிப்ஸும் சாப்பிடுகிற சங்கத்தில் வினாகிரிக்கு என்ன குறை. ஹரல்டே எடுத்துவந்தார். விழாவில் மிஞ்சிய குங்குமத்தை நவரட்ணம் கொண்டுவந்தார். பாலேஸ்வரி ஒரு கடதாசியில் குங்குமத்தைக் குழைத்து அதில் ஒரு சொட்டு வினாகிரி விட்டார். சிவப்பு சிவப்பாகவே இருந்தது. "கடைக் குங்குமம், சாயம் போட்டது, மாறாது" என்றார். அடுத்த சொட்டைப் பொட்டின் ஓரத்தில் விட்டார். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்க, ஓரம் மஞ்சளாகியது.

நவரட்ணம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மக்கே தன் குறிப்பேட்டில் எதையோ வெட்டினார்.

"சரி, அவர் பொய் சொல்லவில்லை" என்றார் மக்கே. "ஆனால் சாவி அவரிடமும் இருந்ததே."

"இருந்தது. இனித் திருடனைப் பற்றிப் பேசுவோம். நேற்று ஐந்து மணிக்குப் பிறகு ஒருவர் தகட்டைக் கழற்றி, அந்த இடத்தைச் சலவைச் சோடாவால் கழுவியிருக்கிறார். களவெடுத்த இடத்தைக் கழுவிவிட்டுப் போகிற கள்ளனை நான் கேள்விப்பட்டதில்லை. அண்ணை, இண்டைக்குக் காலமை நடந்ததைத் திருப்பிச் சொல்லுங்கோ. ஒண்டும் விடாமல்."

நவரட்ணம் சொன்னார். "பத்து மணிக்கு நான் கதவு திறந்தனான். தலைவர் வந்தார். ஏர்னி ஐயாவும் வந்தார். அவர் ஒவ்வொரு ஞாயிறும் பத்துக்கு வருவார். பிராசோ டின்னும் துணியும் கொண்டுவந்து தகட்டைத் தானே மினுக்குவார். ஒருத்தரையும் விடமாட்டார். நான் உறையை எடுத்தனான். தகடு இல்லை. தலைவற்றை சாவி விழுந்தது. ஏர்னி ஐயா பாவம், தொப்பியை ரெண்டு கையாலயும் பிடிச்சபடி நிண்டார். பிறகு ஹோலில போய் இருந்திட்டார். இன்னும் அங்கைதான் இருக்கிறார்."

"வேறை ஒண்டும் கொண்டு வரேல்லையோ?"

"இல்லை. தொப்பி மட்டும்தான்."

பாலேஸ்வரியின் முகத்தில் இருந்த கோபம் போய்விட்டது. அந்த இடத்தில் வந்தது கவலை.

ஒன்றேகால்.

ஏர்னி மண்டபத்தின் மூலையில், நேற்று கலைமகள் படம் இருந்த மேடைக்குப் பக்கத்தில், கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். காது மந்தம். பாலேஸ்வரி ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கு நேரே போட்டு உட்கார்ந்தார். மற்றவர்கள் சுற்றி நின்றார்கள்.

"மிஸ்டர் கௌல்ட், உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. இன்றைக்கு ஏன் பிராசோ கொண்டுவரவில்லை?"

கிழவர் மடியிலிருந்த தொப்பியைத் திருப்பினார்.

"உறையை எடுக்க முதலே மினுக்குவதற்குத் தகடு இல்லை என்று உங்களுக்குத் தெரியும்" என்றார் பாலேஸ்வரி. "எல்லாரும் தகடு இல்லாததைப் பார்த்தார்கள். உங்கள் கையில் டின் இல்லாததை ஒருவரும் பார்க்கவில்லை. கழுவியது கீழிருந்து மேலே, ஒரு கோடுகூட விழாமல். அப்படிக் கழுவுகிறவர் கடற்படைக்காரர். சாவி வைத்திருக்கும் கடற்படைக்காரர் இரண்டு பேர். அதில் ஒருவருக்கு முழங்காலில் உட்காரமுடியாது. நவரட்ணம் கழுவியிருந்தால் அந்த நடையின் சுவர் மாதிரி இருந்திருக்கும்."

நவரட்ணத்துக்கு இதை யாரும் மொழிபெயர்க்காதது நல்லது.

ஏர்னி கோட்டின் உள்பைக்குள் கையை விட்டார். தகட்டை எடுத்துப் பக்கத்து மேசையில் வைத்தார். முன்பக்கம் மினுங்கியது. இத்தனை வருஷம் இரும்போடு ஒட்டியிருந்த பின்பக்கமும் மினுங்கியது. காலையிலேயே வீட்டில் வைத்து இரண்டு பக்கமும் துடைத்திருக்கிறார்.

"காலை ஆறு மணிக்கு வந்தேன்" என்றார். "ஸ்குரூவுக்கு எண்ணெய் விட்டேன், அது வழிந்துவிட்டது. அப்படியே விட்டுப்போக எனக்கு மனம் வரவில்லை. கழுவினேன். பொட்டைப் பார்த்தேன். அது உங்கள் ஆட்கள் மரியாதைக்கு வைத்தது என்று விளங்கியது. அதைத் தேய்க்கவில்லை. தண்ணீர் பட்டு நிறம் மாறும் என்று எனக்குத் தெரியாது."

"ஏன் ஏர்னி?" ஹரல்ட் கேட்டார்.

"வசந்தத்தில் பெயின்ற் அடிக்க ஒரு ஓரத்தில் சுரண்டினேன், ஹரல்ட். நீ இத்தனை வருஷம் அடித்த பெயின்ற் ஒரு விரல் தடிப்பு இருக்கும். அடியில் வார்த்த வருஷம் வெட்டியிருந்தது. 1918."

மக்கே மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. 1918இல் வார்த்த பீரங்கி 1916இல் சுட்டிருக்க முடியாது.

ஏர்னி பாலேஸ்வரியைப் பார்த்து விளக்கினார். "கப்பல் பீரங்கி ஒரு கப்பலுக்குச் சொந்தமில்லை, அம்மா. சுடச்சுடக் குழாய் தேயும். கழற்றிக் கரைக்கு அனுப்புவார்கள், வேறொன்றைப் பூட்டுவார்கள். ஒரே மாதிரி நூற்றுக்கணக்கில் வார்த்தார்கள். அடுத்த போரில் இவற்றைச் சரக்குக் கப்பல்களில் வைத்தார்கள். இதுவும் அப்படி அட்லாண்டிக்கைக் கடந்து கனடாவுக்கு வந்திருக்கும். பயிலுநர்களைப் பழக்க ஒரு கொட்டகையில் நின்றது, பிறகு 1958இல் இங்கே வந்தது. கார்ன்மோரில் இருந்த வகை என்று சொன்னார்கள். ஹரல்ட் எனக்காகத் தகடு செய்தான். வகை என்பதை விட்டுவிட்டு, அதே பீரங்கி என்றே எழுதினான். தவறுதலாக என்று நினைத்தேன். நிபுணர் வந்து எல்லாருக்கும் முன்னால் சுரண்டி வருஷத்தை வாசித்தால் ஹரல்டுக்குத்தான் அவமானம். தகடு இல்லையென்றால் அது வெறும் பீரங்கி. ஒருவரும் பொய் சொன்னதாகாது."

ஹரல்ட் ஊன்றுகோலைப் பிடித்தபடி ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார். "முதல் பெயின்ற் அடித்ததே நான்தானே. வருஷத்தைப் பார்த்தேன். நீ அன்றைக்கு வாசலில் நின்று, விளையாட்டுச் சாமான் கடைக்குப் போன பிள்ளை மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்குத் தகப்பனின் கல்லறைகூட இல்லை. அந்த வருஷ எண்ணின் மேல் இரண்டு பூச்சு கூடுதலாக அடித்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு மேமாதமும் அடித்தேன்."

ஒருவரை ஒருவர் காப்பாற்ற ஒருவருக்கொருவர் ஒளித்த இரண்டு கிழவர்களும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாலேஸ்வரிக்கு நெஞ்சு இளகியதுதான். ஆனாலும் விடவில்லை.

"மிஸ்டர் கௌல்ட், விழா முடிந்த அடுத்த காலையை ஏன் தெரிந்தெடுத்தீர்கள்?"

"முந்நூறு பேர் வந்துபோன இடம். யார் என்று தெரியாமலே போய்விடும் என்று நினைத்தேன்."

"முந்நூறு பேர் இருந்தால் பழி முந்நூறாகப் பிரிந்துவிடும் என்று நினைத்தீர்கள். அது பிரியாது. சாவி வைத்திருக்கிற, ஆங்கிலம் சரியாகத் தெரியாத ஒருவன் தலையில்தான் முழுசாக வந்து விழும். அந்த மனிதருடைய மனைவியும் பிள்ளைகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் காத்திருக்கிறார்கள். இன்றைக்குப் பின்னேரம் அவர் பேரில் ஒரு வழக்கு எழுதப்பட்டிருக்கும்."

ஏர்னிக்கு அது அப்போதுதான் காதில் விழுந்தது. காலையிலிருந்து போலீஸ் எல்லாரிடமும் சும்மா விசாரிக்கிறது என்றே இருந்திருக்கிறார். எழுந்து, தொப்பியை மேசையில் வைத்துவிட்டு, நவரட்ணத்தின் முன்னால் போய் நின்றார். ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். பாதி வார்த்தைகள் வெளியே வரவில்லை.

"மன்னிக்கச் சொல்லிக் கேக்கிறார்" என்றார் பாலேஸ்வரி. "வெட்கப்படுறாராம். உங்களுக்கு வந்த இடைஞ்சல் தனக்குத் தெரியாதாம். தெரிஞ்சிருந்தால் அப்பவே சொல்லியிருப்பாராம்."

நவரட்ணம் கொஞ்சநேரம் அந்த ஒல்லிக் கிழவரைப் பார்த்தார். கோபப்பட நினைத்திருப்பார். அது அவருக்குப் பழக்கமில்லாத வேலை.

"பொட்டைத் தேய்க்காமல் விட்டவர்தானே" என்றார். "அதை விட்டபடியால்தான் நான் தப்பினனான். தேத்தண்ணி போடட்டோ எண்டு கேளுங்கோ."

மக்கே குறிப்பேட்டை மூடினார். தகடு சங்கத்தின் சொத்து, எடுத்தவர் சங்கத்தின் உறுப்பினர், தலைவருக்கு முறைப்பாடு இல்லை. "அப்படியானால் இங்கே ஒரு குற்றமும் நடக்கவில்லை" என்றார். நவரட்ணத்தின் பேர் எங்கும் ஏறாது என்று பாலேஸ்வரி இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்ட பிறகுதான் தேத்தண்ணியைக் கையில் எடுத்தார். வடையும் வந்தது. கிழவர்கள் திங்கட்கிழமைவரை காத்திருக்கவில்லை.

நவம்பர் 11, திங்கட்கிழமை.

இங்கிலாந்து நிபுணர் சின்ன உளியால் பெயின்றைச் சுரண்ட நெடுநேரம் எடுத்தது. ஹரல்ட் பக்கத்தில் நின்று தன் கைவேலை உரிந்து விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் நிபுணர் இலக்கத்தையும் வருஷத்தையும் உரத்து வாசித்தார். 1918. போர் முடிகிற வருஷத்தில் வார்த்தது, முதல் போரில் ஒரு குண்டுகூடச் சுட்டிருக்காது என்றார். கூடிநின்றவர்கள் ஏர்னியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஏர்னி பீரங்கியின் மேல் கையை வைத்தார்.

"இத்தனை வருஷமும் இதைத் தொடும்போது எனக்குக் கொஞ்சம் கோபமும் இருந்தது" என்றார். "என் அப்பா விழுந்ததைப் பார்த்துக்கொண்டிருந்த இரும்பு என்று. இது அதைப் பார்க்கவே இல்லை. இதோடு நின்ற பையன்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது."

அவர் உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் இருந்தார். ஹரல்ட்தான் அழுதார்.

தகட்டை வீணாக்கவில்லை. அதைத் திருப்பி, ஏர்னி மினுக்கிவைத்த பின்பக்கத்தில் புதிதாக வெட்டி, அதே நாலு துளைகளில் பூட்டினார்கள். "1918இல் வார்த்தது. இதோடு நின்றவர்களின் பேர் எங்களுக்குத் தெரியாது. அவர்கள் வீடு திரும்பியிருக்கட்டும்."

1997 ஒக்ரோபர். அந்த ஆண்டு வாணி விழாவுக்கு மஞ்சள் குழைத்தது தவமணி. கொழும்பிலிருந்து வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் பீரங்கிக் குழாய்க்குள் எட்டிப் பார்த்து, அதற்குள் கத்தி எதிரொலி கேட்டுக்கொண்டிருந்தார்கள். தவமணி முதலில் மஞ்சள் வைத்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். நவரட்ணம் ஏர்னியைப் பார்த்தார்.

ஏர்னி இரண்டு விரல்களைக் காட்டி, சிவப்பையும் வைக்கச் சொன்னார். அவர் கையில் பிராசோ டின் இருந்தது. பொட்டு காயும்வரை நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தார். பிறகு மண்டியிட்டு, பொட்டில் துணி படாமல், தகட்டைத் துடைக்கத் தொடங்கினார். கீழிருந்து மேலாக.